கணினிப் போருக்கு ஆட்களை ஆக்குதல்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செய்யப்பெற்ற பிரசங்கம்)



இச்சபையின்கண் கல்வியைப் பற்றியும் கைத்தொழிலைப் பற்றியும் பேசுவோர் பலர் உளர். யாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயமோ யுத்த சம்பந்தமானது. அதிலும் கண்ணுக்குப் புலப்படாத யுத்தத்தைப் பற்றியது. "விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவைப் பேசவேண்டிய இடத்தில் இஃதென்ன?" என்று முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் அருகிலிருந்தவரைக் கேட்டது எம் செவியிலும் விழுந்தது. கேள்வி நியாயமானதே. விடுதி விஷயமாக நிர்வாகக் கமிட்டியின் முன்னுள்ள தீர்மானம் ஒன்றோடு இதற்கு நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம். முதலில் ஒரு சிறு தேசத்தின் வரலாற்றைக் கேட்டருள வேண்டும்.

ஐரோப்பாவின் வடகிழக்கே, பால்டிக் கடலோரத்தில், எஸ்தோனியா என்றொரு நாடு இருக்கின்றது. அதன் ஜனத்தொகை ஏறக்குறைய 13 இலட்சம். நம் மதுரை மாநகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்த்து எண்ணினால் அதனினும் மிகும். 1991-ஆம் ஆண்டில் சோவியத் ஆட்சியினின்று அந்நாடு மீண்டும் சுதந்தரம் பெற்றது. 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், அதன் தலைநகராகிய தாலினின் நடுவே நின்ற சோவியத் போர்வீரன் சிலை ஒன்றைச் சர்க்கார் பெயர்த்துப் படைவீரர் மயானத்துக்கு மாற்ற முற்பட்டனர். அதன்மேல் வீதிகளில் கலகம் மூண்டது. கலகம் அடங்கிய பின்னும் வேறொரு தாக்குதல் தொடர்ந்தது. பாராளுமன்றம், மந்திரிகளின் இலாகாக்கள், பத்திரிகைகள், வங்கிகள் ஆகியவற்றின் இணையத் தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலற்றுப் போயின. மூன்று வார காலம் இந்நிலை விட்டு விட்டு நீடித்தது.

இது நிகழ்ந்த விதத்தைத் தாய்மார்களும் அறியுமாறு கூறுவோம். நம் ஊர் ரேஷன் கடையில் ஒரு நாளில் முந்நூறு பேருக்கு அரிசி அளக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி வேண்டாத பதினாயிரம் பேரை எவனோ ஒருவன் ஏவிவிட, அவர்கள் வரிசையில் வந்து நின்று, "அரிசி உண்டா? என்ன விலை?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசிக்கே போய் நிற்பார்களாயின், கடைக்காரன் பூட்டை உடைத்தவர் எவருமில்லை, ஒரு மணி அரிசியும் களவு போகவில்லை, ஆயினும் வீட்டில் உலை வைத்துவிட்டு வந்தவள் வெறுங்கையோடு திரும்புகின்றாள். எஸ்தோனியாவில் நிகழ்ந்தது இதுவே. உலகின் பல தேசங்களிலுள்ள கணினிகள், தம்மை உடையவர்கள் அறியாமலே பிறர் வசப்பட்டு, அவ்வாறு வந்து வரிசையில் நின்றன. அந்நாட்டின் மிகப் பெரிய வங்கி தன் இணையச் சேவையைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. எஸ்தோனியர் ருஷ்யாவைச் சுட்டினர், ருஷ்யா மறுத்தது. அதற்காக அந்நாட்டு நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன் இருபது வயது மாணவன் ஒருவன் மட்டுமே. அவனுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 17,500 குரூன்.

அந்த மூன்று வாரங்களில் எல்லைப்புறத்தில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்க்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. நாட்டைக் காத்தவர்கள் யாரெனில், 2006-இல் ஏற்பட்ட சிறியதொரு கணினி அவசர உதவிக் குழுவினரும், அதன் தலைவராகிய ஹில்லார் ஆரெலைட் என்பவரும், வங்கிகளிலும் தொலைபேசிக் கம்பெனிகளிலும் வேலை பார்த்த பொறியியலாளர்களுமே. ஒருவரையொருவர் முன்னமே அறிந்தவர்கள். எந்நேரத்தில் அழைத்தாலும் எழுந்து வரக்கூடியவர்கள். எந்தத் திசையிலிருந்து போலிக் கூட்டம் வருகின்றது என்று கண்டு அந்த வழியை அடைத்தும், வெளிதேசத்து நண்பர்களிடம் சொல்லி அங்கேயே தடுக்கச் செய்தும், சேவைகளை ஒவ்வொன்றாக மீட்டனர்.

இத்தகைய மனிதர் அந்தச் சிறு நாட்டுக்கு எங்கிருந்து கிடைத்தனர்? இதுவே எம் பிரசங்கத்தின் முக்கியமான கேள்வியாகும். 1996-ஆம் ஆண்டில், கையில் அதிகப் பணமில்லாத அச்சர்க்கார், "புலிப் பாய்ச்சல்" என்ற பெயரால் ஒரு திட்டம் வகுத்துப் பள்ளிக்கூடந்தோறும் கணினியும் இணையமும் கொண்டுசேர்த்து, உபாத்தியாயர்களுக்கும் பயிற்சி அளிக்கத் தொடங்கினர். அது யுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் பதினோராண்டு கழித்து யுத்தம் போன்றதொன்று வந்தபோது, பள்ளியிலேயே கணினியைத் தொட்டுப் பழகிய ஒரு தலைமுறை அந்நாட்டில் ஆளாகியிருந்தது. இயந்திரம் வாங்கினால் மறுமாதம் வந்து இறங்கிவிடும்; அதனை ஆளத் தெரிந்தவன் உருவாகப் பத்தாண்டு பிடிக்கும்.

அதன் பின் அவர்கள் செய்த காரியம் இன்னும் நுட்பமானது. வங்கியில் நல்ல சம்பளம் வாங்கும் வல்லுநனைச் சிப்பாய்ச் சம்பளத்துக்கு வா என்றால் வருவானா? வரமாட்டான் என்பதை அறிந்து, அவன் வேலையை விட வேண்டுவதில்லை என்று ஒரு வழி கண்டனர். எஸ்தோனியாவில் 1918-இல் தோன்றிய தொண்டர் படை ஒன்று உண்டு. 2011-இல் அதனுள்ளே கணினிக் காவற்பிரிவு ஒன்றை ஏற்படுத்தினர். பகலில் வங்கியிலும் கம்பெனியிலும் வேலை செய்வோர், மாலையிலும் விடுமுறையிலும் கூடித் தேசத்தின் வலையமைப்புகளைக் காக்கப் பழகுகின்றனர். சேருமுன் அவர்களுடைய நடத்தையைச் சர்க்கார் தீர விசாரிக்கின்றனர். 2018-இல் இராணுவத்திலேயே தனிச் சைபர் தளபதியகம் ஏற்பட்டது. கட்டாயச் சேவைக்கு வரும் வாலிபருள் கணினி வல்லாரைப் பிரித்தெடுத்து, அங்கே அவரவர் வித்தையிலேயே சேவை செய்ய வைக்கின்றனர்.

பழகுதல் என்றோம். தாலினில் 2008-இல் நேட்டோ நாடுகளின் கூட்டுச் சைபர் தற்காப்பு மையம் ஏற்பட்டது. அம்மையத்தார் 2010 முதல் ஆண்டுதோறும் ஒரு பெரும் ஒத்திகை நடத்திவருகின்றனர். பெரிலியா என்று ஒரு கற்பனைத் தேசத்தைச் சிருஷ்டித்து, அதற்கு மின்சாரம், குடிநீர், வங்கி, படை எல்லாம் கணினியில் அமைத்துவிடுவர். ஒரு கூட்டத்தார் இடைவிடாது தாக்குவர். பல நாட்டுக் குழுக்கள் அதனைக் காக்கவேண்டும். 2021-க்குப் பின் இதில் கலந்துகொள்வோர் 2,000 பேருக்கு மேற்பட்டுவிட்டனர். காப்பவன் தாக்கியவனைத் தடுத்தால் மட்டும் போதாது. நடந்ததைத் தன் மேலதிகாரிக்கு விளங்க எழுதவேண்டும். பத்திரிகைக்காரன் கேட்டால் பதில் சொல்லவேண்டும். திருப்பித் தாக்கலாமா என்பதில் சர்வதேசச் சட்டம் என்ன கூறுகின்றது என்று அறிந்த வக்கீலும் குழுவில் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே கணினிப் போர் என்றவுடன் கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை மாத்திரமே அதற்கு உரியவன் என்று எண்ணவேண்டா. தெளிவாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கும், பிறமொழி கற்ற பிள்ளைக்கும், சட்டம் படித்த பெண்ணுக்கும் அதில் இடமுண்டு.

இனிப் பெரிய தேசத்தின் சிரமத்தைச் சிறிது பார்ப்போம். அமெரிக்கர் 2009-இல் சைபர் தளபதியகம் நிறுவினர். அதன்கீழ் 133 குழுக்களும் ஏறக்குறைய 6,200 ஆட்களும் கொண்ட படை 2018 மே மாதத்தில் முழுமை பெற்றதாக அறிவித்தனர். பணத்துக்குக் குறைவில்லை, கலாசாலைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் ஆட்களை நிறுத்தி வைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடாய் இருக்கின்றது. உயர்ந்த பணிக்குரிய ஒருவனைப் பயிற்ற ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை செல்லும். இலட்சக்கணக்கான டாலர் செலவாகும். பயிற்சி முடிந்தவுடன் தனியார் கம்பெனி இரட்டிப்புச் சம்பளம் காட்டி அழைக்கின்றது. அந்நாட்டுக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், கடற்படையும் விமானப்படையும் அத்தகைய பயிற்சி பெற்றவன் மூன்றாண்டு பணியாற்ற வேண்டுமென்று விதித்திருக்க, மரீன் படையில் அவ்விதியே இல்லை என்றும், தரைப்படையில் அது தெளிவாய் இல்லை என்றும் குறை கூறிற்று. நெல்லைக் கொட்டிக் கோழி வளர்த்து அடுத்த வீட்டுக் கூடைக்கு முட்டை சேர்த்த கதைதான்!

இன்னொரு குறையும் அவர்களுக்கு உண்டு. அது நம் ஊர்த் தறிக்காரர் அறிந்ததே. நெசவில் கைதேர்ந்தவனை மெச்சி, "இனி நீ தறியில் உட்கார வேண்டா, கணக்குப்பிள்ளையாய் இரு" என்று எழுப்பிவிட்டால் என்ன ஆகும்? நல்ல நெசவாளன் ஒருவன் போய், சுமாரான கணக்குப்பிள்ளை ஒருவன் கிடைப்பான். படையில் உத்தியோக உயர்வு என்பது பெரும்பாலும் ஆட்களை மேய்ப்பதும் காகிதத்தில் கையெழுத்திடுவதுமே. கணினியின் முன் உட்கார்ந்திருப்பதையே விரும்பும் வல்லுநன் அதனால் மனம் சலித்து வெளியேறுகின்றான். இதனை உணர்ந்து அமெரிக்க விமானப்படையினர், 1959-இல் தாம் நியமிப்பதை நிறுத்திய வாரண்டு ஆபீஸர் பதவியை, 2024-ஆம் ஆண்டில், கணினி வல்லாருக்கென்றே மீண்டும் உயிர்ப்பித்தனர். அப்பதவியில் ஒருவன் தன் வித்தையை விடாமலே மதிப்பிலும் சம்பளத்திலும் உயரலாம். அறுபத்தைந்து ஆண்டு கழித்துப் பழைய பெட்டியைத் திறந்து எடுத்த புத்தி. எனினும் நல்ல புத்தியே.

சான்றிதழைப் பார்த்து ஆள் எடுப்பதா, சாமர்த்தியத்தைப் பார்த்து எடுப்பதா என்பது அடுத்த கேள்வி. கணினி தோன்றுவதற்கு முன்னரே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1942-இல் ஜப்பானியரின் இரகசியச் செய்திகளை அறிய இங்கிலீஷ்காரருக்கு ஜப்பானிய மொழி கற்றவர் பலர் தேவைப்பட்டனர். அம்மொழியைக் கற்பிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று பண்டிதர்கள் தலையசைத்தனர். டில்ட்மன் என்னும் படையதிகாரியோ, ஆறு மாதத்தில் கற்பித்துத் தருமாறு ஆஸ்வால்ட் டக் என்ற ஓய்வுபெற்ற கடற்படைக் காப்டனிடம் ஒப்புவித்தார். டக் அவர்கள் அறுபது வயதைக் கடந்தவர். கல்லூரியை எட்டிப் பாராதவர். கப்பலில் இருந்தபோது தாமாகவே ஜப்பானியம் கற்றவர். பெட்போர்டு நகரத்தில், எரிவாயுக் கம்பெனி ஒன்றின் கட்டடத்தில் வகுப்பு நடந்தது. மாணவர்கள் கிரேக்கமும் லத்தீனும் படித்த வாலிபர்கள். ஜப்பானியத்தில் ஓரெழுத்தும் அறியாதவர்கள். ஆறே மாதத்தில் வேலைக்குத் தகுதியாயினர். அவ்வகுப்பில் தேறியவர்களுட் சிலர் நம் டில்லியில் இயங்கிய கம்பியில்லாத் தந்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பப்பெற்றுப் பணிசெய்தனர். அதே யுத்தத்தில் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் மறைமொழிகளை உடைத்த நிலையத்தின் ஊழியருள் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றோம். பெண்பிள்ளைக்குக் கணினி எதற்கு என்று கேட்கும் பெற்றோர் நம்மிடை இன்னும் இல்லாமற் போகவில்லை.

இஸ்ரவேல் தேசத்தாரின் முறையையும் பலர் புகழ்வர். 18 வயதில் கட்டாயச் சேவைக்கு வரும் பிள்ளைகளுள் கூரிய அறிவுடையோரைத் தேர்ந்து, 8200 என்ற எண்ணுடைய பிரிவில் சேர்ப்பர். 1979 முதல் தல்பியோத் என்னும் பயிற்சியும் உண்டு. ஆனால் தேர்வு எவ்வளவு நேர்மையாயிருந்தாலும், தலைநகரப் பக்கத்திலே நல்ல பள்ளியில் படித்த பிள்ளையே பெரும்பாலும் தேறுவான். எல்லைப்புறத்து ஏழை ஊர்ப் பிள்ளைக்கு அவ்வித்தை இருப்பதே தெரியாது. ஆதலால் 2010-ஐ ஒட்டி, ஒரு தர்ம ஸ்தாபனமும் பாதுகாப்பு இலாகாவும் சேர்ந்து, மக்ஷிமிம் என்ற மாலை வகுப்பை ஒதுக்கிடங்களிலுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்காகவே தொடங்கினர். பள்ளி முடிந்த பின் வாரத்தில் இரு நாள் வகுப்பு. எம் மனத்தைக் கவர்ந்தது 8200-இன் புகழன்று. இந்த மாலை வகுப்பேயாம்.

அப்பிரிவின் புகழுக்கு மறுபுறமும் உண்டு; அதனை மறைத்துப் பேசுதல் தகாது. 2014-இல் அதன் சேமப்படையினர் 43 பேர், பாலஸ்தீனியருடைய சொந்த வாழ்க்கையை ஒட்டுக்கேட்கும் வேலைக்கு இனி வரமாட்டோம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினர். 2023 அக்டோபர் 7-ஆம் தேதி நிகழ்ந்த தாக்குதலை அப்பிரிவு முன்னறிந்து தடுக்கத் தவறியது. அதன் தளபதி 2024 செப்டம்பரில் பதவி விலகினார். இவ்வித்தையைக் கற்ற பிள்ளைக்கு, எதைச் செய்யமாட்டேன் என்று சொல்லும் துணிவும் கூடவே கற்பிக்கவேண்டும் என்பது எம் அபிப்பிராயம்.

இவையெல்லாம் தூரதேசத்துச் சங்கதிகள் என்று எண்ணுவோர் 2019-ஆம் ஆண்டை நினைவுகூர்வாராக. அவ்வாண்டு செப்டம்பரில் நம் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் வேற்றார் நிரல் புகுந்திருந்தமை கண்டறியப்பட்டது. அக்டோபர் 30-ஆம் தேதி அணுமின் கழகத்தாரே அதனை ஒப்புக்கொண்டனர். அணு உலையை இயக்கும் கணினிகள் அந்த வலையமைப்போடு சேராமல் தனித்திருந்தன. ஆதலால் உலைக்கு ஆபத்தில்லை. தனித்து வைக்கவேண்டும் என்று அறிந்து வைத்தவன் ஒருவன் இருந்தான். புகுந்ததைக் கண்டுபிடித்தவனும் ஒருவன் இருந்தான். நம் தேசத்தில் முப்படைக்கும் பொதுவான பாதுகாப்புச் சைபர் முகமை 2018-இல் அங்கீகாரம் பெற்று 2019-இல் தொடங்கியது. மத்தியப் பிரதேசத்து மௌ நகரில் படையின் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரி இருக்கின்றது. இவற்றுக்கும், மின்வாரியத்துக்கும், வங்கிக்கும், ஆஸ்பத்திரிக்கும் வருங்காலத்தில் இத்தகைய ஆட்கள் வேண்டும்.

இனித் தீர்மானத்துக்கு வருவோம். விடுதியின் மாடியறையில், எட்டாம் வகுப்பு முதல் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஒன்று நடத்துவது என்பது ஒரு கட்சி. கல்வி நிதி முழுவதையும் வழக்கம்போல் கல்லூரிக் கட்டணத்துக்கே கொடுப்பது என்பது மற்றொரு கட்சி. யாம் முன்னதையே ஆதரிக்கின்றோம். கட்டணம் கொடுப்பது தவறென்று சொல்லவில்லை. ஆனால் கல்லூரி வாயிலில் நிற்கும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது பணம், எட்டாம் வகுப்பில் கொடுப்பதோ காலம். வகுப்புக்குப் பழைய கணினிகளே போதும். லினக்ஸ் என்னும் இயக்கமுறை விலையின்றிக் கிடைக்கின்றது. முதலாண்டில் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதம், பதிவேடுகளைப் படித்து நடந்ததை ஊகிக்கும் விதம், கண்டதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையற எழுதும் விதம் இவை போதும். பூட்டை உடைக்கக் கற்பிப்பது பின்னரே. அதுவும் வகுப்பறைக்குள் நம் சொந்தக் கணினிகளில் மட்டுமே. அயலான் கணினியில் அனுமதியின்றிப் புகுந்தால் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். விளையாட்டாய்ச் செய்தேன் என்பது கோர்ட்டில் செல்லாது. படைவேலைக்கு முன் நடக்கும் நடத்தை விசாரணையிலும் செல்லாது. இதனை முதல்நாள் பாடமாகவே வைக்கவேண்டும்.

சிபாரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. உத்தியோகம் என்றவுடன் சங்கத்துத் தலைவரிடம் கடிதம் வாங்க வரும் பழக்கம் நம்மிடம் உண்டு. கொடுக்கும் பழக்கமும் உண்டு. இந்த வித்தையில் அக்கடிதம் கால்காசு பெறாது. கணினியின் முன் உட்கார வைத்து, "இதனுள்ளே எங்கோ ஒருவன் புகுந்திருக்கின்றான், நாலு மணி நேரத்தில் கண்டுபிடி" என்பார்கள். கண்டுபிடித்தால் வேலை, இல்லையேல் வீடு.

தீர்மானத்துக்கு வந்துள்ள திருத்தம் ஒன்றே எமக்குக் கவலை தருகின்றது. வகுப்பில் நம் சமூகத்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்க்கவேண்டும் என்பது அத்திருத்தம். கொண்டுவந்தவர்கள் எம் மதிப்புக்குரியவர்கள். நம் பணம், நம் கட்டடம் என்று அவர்கள் கூறுவதில் பொய்யில்லை. ஆயினும் எஸ்தோனியாவை மறுபடியும் நினையுங்கள். வங்கியின் ஆளும் சர்க்கார் ஆளும் தொலைபேசிக் கம்பெனி ஆளும் முன்னமே பழகியிருந்தமையால் அல்லவோ அந்த நாடு பிழைத்தது? நம் பிள்ளைகள் உறவினரோடு மட்டுமே கூடிப் படித்தால், நாளை ஆபத்து நேர்ந்த இரவில் அவர்கள் தொலைபேசியில் அழைக்கத்தக்கவர் உறவினர் மட்டுமே. அத்தனை பேரும் ஒரே ஊரில் ஒரே கல்யாணத்திலிருக்கவும் கூடும்! அன்றியும், விடுதியைச் சூழ்ந்த தெருக்களில் இவ்வித்தை இருப்பதையே அறியாத பிள்ளைகள் இருக்கின்றார்கள். நூறாண்டுக்கு முன் நம் முன்னோர் இச்சங்கத்தைக் கண்டது, பள்ளிக்கூட வாயில் தமக்கு அடைபட்டிருந்தது என்ற மனக்குறையாலன்றோ? இன்று வாயிலின் உள்ளே நிற்பவர் நாம். இடங்களிற் பாதியைத் தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டு, மீதியை நம்மவர்க்கு வைத்து, இரண்டுக்கும் ஒரே தேர்வு நடத்தலாம் என்று யாம் ஒரு மாற்றுத் திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கின்றோம். இன்று மாலை வாக்கெடுப்பு.

வாக்கு எவ்வாறு முடிந்தாலும் உபாத்தியாயர் வேண்டும். வங்கியிலும், தொலைபேசிக் கம்பெனியிலும், கணினிக் கம்பெனியிலும் வேலைசெய்யும் நம்மவர் மாதத்தில் இரண்டு மாலை கொடுக்கக்கூடுமாயின், தம் பெயரை வருகிற 10-ஆம் தேதிக்குள் காரியதரிசியிடம் தெரிவிக்க வேண்டுகின்றோம். பழைய கணினி தருவோர் தம் கணக்குகளையும் படங்களையும் முற்றிலும் துடைத்துவிட்டுக் கொடுக்கவேண்டும். பிள்ளைகளின் பெயர் எழுதும் புத்தகம் வாயிற்படியருகே வைக்கப்பட்டிருக்கின்றது. பெண்பிள்ளைகளுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கவில்லை, ஒரே பக்கத்தில் எழுதலாம்.